யாழ்ப்பாணத்தில் இயற்கையைப் படமெடுக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடாநாட்டிலும் தீவகத்திலும் நிலம், பறவை, வளவுப் பூச்சி, இரவு வானம் ஆகியவற்றைப் படமெடுக்க விரும்புவோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கமராவின் அடிப்படைப் பொத்தான்கள் தெரிந்தால் போதும். கீழே வரும் எண்கள் தொடங்குவதற்கானவை. முதற்படத்தைத் திரையில் பார்த்துவிட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

எந்த மாதத்தில் எதை எடுக்கலாம்?

மாரி மழை ஒக்ரோபரில் பிடித்தால் டிசெம்பர் வரை விட்டுவிட்டுப் பெய்யும். வலசைப் பறவைகளும் ஒக்ரோபரிலேயே வரத் தொடங்கி ஏப்ரல் வரை நிற்கும். ஆனால் அவை வந்த கையோடு நல்ல படம் கிடைத்துவிடாது. மழை முடிந்த நேரத்தில் களப்பில் தண்ணீர் கூடுதலாக நிற்கும். பறவைகள் பரந்து, கரைக்கு எட்டத்தில் நிற்கும். தை பிறந்து தண்ணீர் வற்ற வற்ற, இரை மிஞ்சியிருக்கும் ஆழங்குறைந்த இடங்களில் அவை நெருங்கித் திரளும். பறவைக்காக மட்டும் ஒரு கிழமை லீவு எடுப்பதென்றால் ஜனவரி கடைசிக்கும் மார்ச் நடுப்பகுதிக்கும் இடையில் எடுங்கள்.

மார்கழி, தை விடியல்களில் வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் பனி இறங்கும். வெங்காயப் பாத்தியும் சிலந்தி வலையும் அப்போதுதான் படமாகும். நவம்பரை ஒட்டி வேலிகளில் கார்த்திகைப்பூ. மே முதல் செப்ரெம்பர் வரை சோளகம் (தென்மேற்குக் காற்று) அடிக்கும். தரவை (வெட்டவெளிப் புல்நிலம்) காய்ந்து புழுதி எழும். பறவைக்கு அது மந்தமான காலம், நெடுந்தீவுக் குதிரைகளுக்கும் இரவு வானத்துக்கும் நல்ல காலம்.

ஏப்ரல் நடுப்பகுதியை ஒட்டி, சித்திரைப் புத்தாண்டு நாட்களில், நண்பகலில் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் நிற்கும். ஓகஸ்ட் கடைசியிலும் அப்படியே. அந்த நாட்களில் காலை எட்டரைக்குப் பிறகு கமராவை மூடி வைப்பதே புத்தி.

நல்ல வெளிச்சம் எத்தனை மணிக்கு?

ஜூன் கடைசியில் சூரியன் ஏறத்தாழ 5.50க்கு உதித்து 6.33க்கு மறையும். ஜனவரி நடுப்பகுதியில் உதயம் 6.29 அளவில், மறைவு 6.05க்குச் சற்றுப் பின். நமது அகலக்கோட்டில் சூரியன் கிட்டத்தட்ட நெட்டாக ஏறும், மணிக்கு ஏறத்தாழ 14 பாகை. அதனால் பொன்னிற வெளிச்சம் உதயத்துக்குப் பின் 25 நிமிடந்தான். ஒரு மணி நேரம் கழிந்தால் நிழல் கறுத்து, வெள்ளை வெளிறிவிடும். குளிர்நாட்டு ஒளிப்படக்காரர்கள் சொல்லும் நீண்ட பொன்வேளையை இங்கே எதிர்பார்த்து ஏமாற வேண்டாம். உதயத்துக்கு அரை மணி முந்தியே இடத்தில் நில்லுங்கள்.

திசையும் மாறும். ஜூனில் சூரியன் கிழக்கிலிருந்து ஏறத்தாழ 24 பாகை வடக்கே தள்ளி உதிக்கும், டிசெம்பரில் அதேயளவு தெற்கே. பருத்தித்துறை முதல் கீரிமலை வரையான வடகரை நேர் வடக்கைப் பார்ப்பதால், ஆனி ஆடியில் உதயத்தையும் மறைவையும் கடலின் மேல் பிடிக்கலாம். மார்கழியில் இரண்டும் நிலத்துப் பக்கம் போய்விடும். மணற்காட்டுக் கரை வடகிழக்கைப் பார்க்கிறது, அங்கே ஆண்டு முழுவதும் கடலில்தான் உதயம். மாலைக்குப் பண்ணைப் பாலம், சூரியன் களப்பின் மேல் இறங்கும்.

பறக்கும் பறவை எப்போதும் முதுகையே காட்டுகிறது. ஏன்?

நீங்கள் காற்றைப் பார்க்கவில்லை. இந்தப் பக்கத்தில் ஒரு பதிலைத்தான் வாசிக்க நேரம் இருக்கிறது என்றால் இதை வாசியுங்கள்.

பறவை எழும்புவதும் இறங்குவதும் காற்றுக்கு எதிர்முகமாக. சிறகுக்கு மேல் ஓடும் காற்றின் வேகம் கூடினால்தான் சிறு ஓட்டத்திலேயே தூக்கல் கிடைக்கும். ஆகவே காற்று உங்கள் முதுகில் பட்டால் பறவை உங்களை நோக்கி வரும். வெயிலும் முதுகில் இருந்தால் அதன் முகமும் கண்ணும் வெளிச்சத்தில் இருக்கும்.

இதை யாழ்ப்பாணத்துக் காற்றோடு பொருத்திப் பாருங்கள். வலசைக் காலத்தில் காற்று வடகிழக்கிலிருந்து. காலையில் வெயிலும் கிழக்கிலிருந்து. மேற்கைப் பார்த்து நின்றால் இரண்டும் முதுகில். அதே நாளில் மாலை போனால் வெயில் மேற்கே, காற்று வடகிழக்கே. ஒளியுள்ள பக்கத்தில் நின்றால் வால்தான் தெரியும், முகம் வேண்டி மறுபக்கம் போனால் பறவை கறுத்த உருவமாகும். எனவே மாரி தையில் பறப்புப் படத்துக்குக் காலைதான். சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும் மாதங்களில் இது அப்படியே தலைகீழ், மாலைதான் நல்லது. போகுமுன் வீட்டு வாசலில் பனையோலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். செயலி எதுவும் தேவையில்லை.

பூநாரைகள் எங்கே நிற்கும்? எவ்வளவு கிட்டப் போகலாம்?

மண்டைதீவுப் பக்கத்துப் பரவைக்கடல், சுண்டிக்குளம், ஆனையிறவை அண்டிய நீர்வெளிகள். நேற்று நின்ற இடத்தில் இன்றும் நிற்கும் என்று உத்தரவாதம் கிடையாது. நீர்மட்டத்தைப் பார்த்து அவை இடம் மாறும். களங்கட்டி மீன் பிடிப்பவர்களைக் கேட்டால் சரியாகச் சொல்வார்கள்.

மீற்றர் கணக்கைவிடத் தலைகளைப் பாருங்கள். தலை தண்ணீருக்குள் இருந்தால் அவை மேய்கின்றன, நிம்மதியாக இருக்கின்றன. ஐந்தாறு கழுத்துகள் ஒருமிக்க நிமிர்ந்து கூட்டம் நெருங்கினால் நீங்கள் கிட்ட வந்துவிட்டீர்கள். நடக்கத் தொடங்கினால் இரண்டடி பின்வாங்கி இருந்துவிடுங்கள். சிறகுக்குள் இருக்கும் கடுஞ்சிவப்பும் கறுப்பும் பறக்கும்போதுதான் முழுதாய்த் தெரியும் என்பதற்காகக் கல்லெறிந்து எழுப்புபவர்கள் உண்டு. வலசை வந்த பறவைக்கு அது வீண் களைப்பு. படமும் கூட்டமாக ஓடும் முதுகுகளாகத்தான் வரும். காத்திருந்தால் தாமாக இடம் மாறும்போது தண்ணீரில் ஓடி எழும்பும். ஷட்டர் 1/2000 செக்கன், எஃப்/7.1, ஐ.எஸ்.ஓ. தானியங்கி, தொடர் படம், தொடர் குவியம்.

பொன்னாலைப் பாலம் போன்ற தாம்போதிகளில் வாகனத்தை விட்டு இறங்காமலே எடுப்பது நல்லது. ஓட்டோவுக்கும் காருக்கும் பழகிய பறவை, கதவு திறந்து இரண்டு கால் வெளியே வந்ததும் பறந்துவிடும். எஞ்சினை நிறுத்துங்கள், அதன் அதிர்வு லென்ஸில் ஏறும். ஒரு கிலோ அரிசியைத் துணிப்பையில் கட்டிச் சன்னல் விளிம்பில் வைத்தால் லென்ஸுக்கு அருமையான தாங்கி.

கொக்கு வெள்ளைத் துணியாகிறது, கரிக்குருவி கறுப்புப் பொட்டாகிறது. என்ன பிழை?

கமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பல் ஆக்கப் பார்க்கும். கண்டல் மரத்தின் கரும்பச்சைக்கு முன்னே கொக்கு நின்றால், இருட்டை வெளிச்சமாக்கப் போய்க் கொக்கின் இறகை எரித்துவிடும். ஒளித்திருத்தத்தை மைனஸ் 0.7 முதல் மைனஸ் 1 வரை இறக்குங்கள். வெளிர் வானத்துக்கு எதிரே கரிக்குருவியோ நீர்க்காகமோ இருந்தால் பிளஸ் 1 முதல் 1.3 வரை ஏற்றுங்கள். எரிந்துபோன வெள்ளையைக் கணினியில் மீட்க முடியாது, இருண்ட இறகை ஓரளவு மீட்கலாம். சந்தேகம் வந்தால் இருட்டின் பக்கம் சாயுங்கள். படத்தைச் சுருக்காத ரோ (RAW) கோப்பாக எடுத்தால் இந்தத் தவறுகளில் பாதியைப் பொறுத்துக்கொள்ளும்.

என்ன லென்ஸ் வாங்கலாம்? கையில் காசு மட்டு.

பழைய கமராவும் 70–300 மி.மீ. லென்ஸும் தொடங்கப் போதும். கணக்கு இதுதான்: சிறிய (APS-C) சென்சர் உள்ள கமராவில் 300 மி.மீ. லென்ஸ் போட்டு, 100 மீற்றரில் நிற்கும் பூநாரையை எடுத்தால் அது சட்டத்தின் உயரத்தில் கால்பங்கு வரும். 600 மி.மீ. என்றால் அரைப்பங்கு. பூநாரைக்கும் கூழைக்கடாவுக்கும் கால்பங்கு தாராளம், சுற்றிவரத் தண்ணீரும் தெரியும். மீன்கொத்திக்கு அது காணாது.

பழைய லென்ஸ் வாங்கும்போது இரண்டு பக்க மூடியையும் கழற்றி, ஒரு பக்கத்திலிருந்து டோர்ச் அடித்து மறுபக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல் போலக் கிளைவிட்டிருந்தால் பூஞ்சணம். வேண்டாம். தூசு நாலைந்து பொட்டு இருந்தால் படத்தில் தெரியாது, அதைச் சாட்டி விலையைக் குறையுங்கள்.

கைபேசி மட்டுமே இருக்கிறது.

பறவையை விட்டுவிடுங்கள். நிலம், வானம், பூ, பூச்சி நான்கிலும் கைபேசி குறைந்ததல்ல.

முதலில் லென்ஸைத் துடையுங்கள். பொக்கற்றில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்குத்தான் சூரியனைச் சுற்றிப் புகையாகத் தெரிவது. திரையில் வேண்டிய இடத்தை அழுத்திப் பிடித்தால் குவியமும் ஒளியும் பூட்டப்படும், பின் விரலைக் கீழே இழுத்து வானத்தின் நிறம் திரும்பும் வரை இருட்டாக்குங்கள். இரு விரல் விரித்துப் பெருப்பிக்க வேண்டாம், அது வெறும் வெட்டல்தான். மழைத்தண்ணீர் தேங்கிய ஒழுங்கையில் கைபேசியைத் தலைகீழாகப் பிடித்து லென்ஸைத் தண்ணீருக்கு இரண்டு விரல் உயரத்தில் கொண்டுபோங்கள். சின்னக் குட்டையும் குளமாகி, பனை முழுதாய் அதில் விழும்.

ஆனையிறவில் நடுப்பகலில் எடுத்த படங்கள் எல்லாம் கலங்கிப் போய்விட்டன. லென்ஸ் பழுதா?

இல்லை, கானல். சூடேறிய உப்புத்தரையிலிருந்து எழும் வெப்பக்காற்றும் மேலே இருக்கும் குளிர்ந்த காற்றும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைக்கின்றன. லென்ஸுக்கும் பறவைக்கும் இடையில் அந்தக் கலங்கல் எவ்வளவு தூரம் இருக்கிறதோ அவ்வளவு கெடும். ஷட்டரைக் கூட்டினாலும் சரிவராது, விலைகூடிய லென்ஸ் இன்னும் தெளிவாகக் கலங்கலைக் காட்டும். காலை எட்டரைக்கு முன் எடுங்கள், அல்லது பறவை 30 மீற்றருக்குள் வரும்வரை பொறுங்கள். கார் சன்னலால் எடுக்கும்போது குளிரூட்டியைப் போட்டுக் கண்ணாடியை இறக்கினாலும் இதே கலங்கல் வரும்.

மலை இல்லை, அருவி இல்லை. தட்டை நிலத்தில் எதைத்தான் எடுப்பது?

தட்டையாக இருப்பதே இங்கத்தைய வசதி, அதற்கேற்ற விதத்தில் பார்க்க வேண்டும். வானம் நன்றாக இருந்தால் அடிவானத்தைச் சட்டத்தின் கீழ் ஐந்திலொன்றுக்கு இறக்குங்கள். வானம் வெறுமையாக இருந்தால் மேலே ஏற்றிவிட்டு வெடித்த களிமண், உப்புப் படிவு, வரம்பு, இறங்குநீர் விட்ட கோலம் இவற்றைக் காலடியிலிருந்து தொடங்குங்கள். நடுவே வெட்டினால் பெரும்பாலும் இரண்டு பாதிப் படங்கள்தான் கிடைக்கும். தண்ணீர் கண்ணாடியாக நிற்கும்போது மட்டும் நடுவெட்டு நன்றாக இருக்கும். காற்று எழும்பும் முன், விடியலில்தான் அப்படி நிற்கும்.

பனங்கூடலை எடுக்கும்போது வட்டுகள் (ஓலை விரிந்த தலைகள்) ஒன்றோடொன்று முட்டாத இடம் கிடைக்கும்வரை இடமும் வலமும் நடவுங்கள். இரண்டு வட்டுகள் ஒட்டினால் நிழலுருவில் ஒரு பெரிய கறைபோல் தெரியும். ஓரடி நகர்ந்தாலே பிரிந்துவிடும். நிழலுருவுக்கு வானத்தை அளந்து மைனஸ் 1 முதல் 1.7. அடிவானம் அரைப் பாகை சரிந்தாலும் இங்கே கண்ணை உறுத்தும், மறைக்க மலை இல்லையே. கமராவின் நீர்மட்டக் கோட்டைத் திறந்து வையுங்கள்.

மணற்காட்டு மணற்குன்றுகளில் காலடி விழுந்த இடம் படத்துக்கு உதவாது. முதல் ஆளாகப் போங்கள், அல்லது நல்ல காற்றடித்த இரவுக்கு மறுநாள் போங்கள். காற்றே அழித்து வரி போட்டு வைத்திருக்கும். சூரியன் பக்கவாட்டில் தாழ இருந்தால்தான் அந்த வரிகள் எழும்பித் தெரியும்.

பனைவட்டுக்குள் நிலா நிற்பதுபோல் எடுப்பது எப்படி?

பெரிய நிலா வேண்டுமானால் பனையை விட்டுத் தூரப் போங்கள். நிலாவின் அகலம் வானத்தில் அரைப் பாகை. ஒரு பொருளின் அளவை 115ஆல் பெருக்கினால் வரும் தூரத்தில் அது நிலாவின் அளவாகத் தெரியும். மூன்று மீற்றர் அகலமான பனைவட்டுக்கு ஏறத்தாழ 345 மீற்றர். பதினைந்து மீற்றர் உயரமான முழுப்பனைக்கு ஒன்றே முக்கால் கிலோமீற்றர் அளவில். இடையில் மறைப்பு இல்லாத அந்தத் தூரம் தென்மராட்சி வயல்வெளிகளிலும் தீவகத்துத் தரவைகளிலும் எளிதில் கிடைக்கும்.

நாள் தெரிவு முக்கியம். போயாவன்று (முழுநிலா நாளில்) நிலா உதிக்கும் நேரத்தில் நிலம் இருண்டுபோகும், ஒன்றுக்கு ஒளி சரிப்படுத்தினால் மற்றது கெடும். நிலா ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தி உதிப்பதால் முதல்நாள் மாலை அது சூரியன் மறையும் முன்பே கிழக்கில் ஏறியிருக்கும். அப்போது பனைக்கும் நிலாவுக்கும் ஒரே வெளிச்சம் போதும். 300 மி.மீ. அல்லது கூட, எஃப்/8, 1/250 செக்கன், ஐ.எஸ்.ஓ. 400. உயர ஏறிய முழுநிலாவுக்கு எஃப்/11, 1/100, ஐ.எஸ்.ஓ. 100 என்ற பழைய கணக்கு இன்னும் பிழையாகவில்லை.

பால்வீதியைக் குடாநாட்டில் எடுக்க முடியுமா?

நகர வெளிச்சம் தொடாத இடத்துக்குப் போனால் முடியும். நெடுந்தீவில் இரவு தங்குவது முதல் தெரிவு, அடுத்தது மணற்காடு பக்கம். அமாவாசையை ஒட்டிய நான்கைந்து இரவுகள். மார்ச்சில் விடியப்புறம் நாலரைக்கும், ஜூலையில் இரவு பத்தரைக்கும் பால்வீதியின் தடித்த நடுப்பகுதி தெற்கு வானில் ஏறியிருக்கும். உச்சத்தில் ஏறத்தாழ 50 பாகை உயரம்.

500ஐக் குவியத்தூரத்தால் (லென்ஸின் மி.மீ. எண்) வகுத்தால் நட்சத்திரம் கோடாகாமல் திறந்து வைக்கக்கூடிய செக்கன்கள் வரும். சிறிய சென்சர் என்றால் குவியத்தூரத்தை முதலில் 1.5ஆல் பெருக்க வேண்டும். 18 மி.மீ.க்கு 18 செக்கன். எஃப்/2.8 அல்லது லென்ஸ் திறக்கும் ஆகக்கூடிய அளவு, ஐ.எஸ்.ஓ. 3200. தானியங்கிக் குவியம் இருட்டில் தேடித் தேடித் தோற்கும். கைக்குவியத்துக்கு மாற்றி, பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பத்து மடங்கு பெருப்பித்து அது ஆகச் சிறிய புள்ளியாகும்வரை திருப்புங்கள், பிறகு குவிய வளையத்தில் ஒரு துண்டு ரேப் ஒட்டிவிடுங்கள்.

சோளகத்தில் முக்காலி ஆடும். நடுத்தண்டில் பையைத் தொங்கவிடச் சொல்வார்கள். தொங்கும் பை காற்றில் ஊஞ்சலாடி இன்னும் கெடுக்கும். பையின் அடி நிலத்தில் பட இருக்கட்டும்.

நட்சத்திரச் சுழற்சிக்கு வடகரைதான் இடம். துருவ நட்சத்திரம் இங்கே அடிவானிலிருந்து ஏறத்தாழ 10 பாகை, நீட்டிய கையில் மூடிய முட்டியின் அகலம். கடலுக்கு மேல் அரைவட்டங்களாக வரும். 30 செக்கன் படங்களை ஒரு மணி நேரம் இடைவிடாமல் எடுத்துப் பின் ஒன்றாக அடுக்குங்கள்.

நெடுந்தீவுக்குப் போகிறோம். என்ன கவனிக்க வேண்டும்?

குறிகட்டுவானிலிருந்து படகில் சுமார் ஒரு மணி நேரம். சோளகக் காலத்தில் அலை உள்ளே தெறிக்கும், கமராப் பையை இரட்டைப் பொலித்தீனில் கட்டி மடியில் வையுங்கள். திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே இறங்குதுறையில் கேளுங்கள். பகற்படகில் வந்து பகற்படகில் திரும்பினால் கிடைப்பது நடுவெயில் மட்டுந்தான். இரவு தங்காமல் நெடுந்தீவுக்குப் படமெடுக்கப் போவதில் பெரிய பயன் இல்லை.

குதிரைகள் கட்டாக்காலிகள், ஆனால் வளர்ப்புக் குதிரையின் வழிவந்தவை, ஆளைக் கண்டு உடனே ஓடமாட்டா. முப்பது மீற்றர் விடுங்கள், பின்பக்கமாகப் போகாதீர்கள். கோடையில் அவை தண்ணீர்த் தொட்டிகளையும் குட்டைகளையும் தேடி வரும். குதிரைக்கும் தண்ணீருக்கும் இடையில் நிற்கவே வேண்டாம். வரட்சியில் அவை செத்துப்போன ஆண்டுகள் உண்டு. குந்தியிருந்து அதன் கண்மட்டத்தில் எடுங்கள். மாலை வெயிலுக்கு எதிரே எடுத்தால் குளம்புப் புழுதி பொன்னாகும்.

பவளக்கல் மதில்களைச் சாய்வெயிலில் எடுங்கள். பெருக்குமரத்தின் பொந்துக்குள்ளிருந்து வெளியே பார்த்து எடுப்பவர்கள், உள்ளும் வெளியும் ஒரே படத்தில் அடங்காது என்பதால் மைனஸ் 2, 0, பிளஸ் 2 என்று மூன்று எடுத்துச் சேர்க்க வேண்டும்.

வீட்டு வளவை விட்டு வெளியே போக முடியாதவர்கள்?

குறையே இல்லை. முதல் மழைக்குப் பிறகு செம்மண்ணில் ஊரும் தம்பலப்பூச்சி, கிணற்றடி வாழையின் தவளை, முருங்கைப்பூவில் மொய்க்கும் தேனீ, கிளுவை வேலியில் ஓணான். மக்ரோ லென்ஸில் எஃப்/11, பிளாஷ், 1/200 செக்கன். பிளாஷின் முன் இரண்டு மடிப்பு ரேசிங் பேப்பர் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் பூச்சியின் முதுகில் வெள்ளைப்பொட்டு விழும். குவிய வளையத்தைத் தொடாமல் உடம்பை முன்னும் பின்னும் மெல்ல அசைத்து, கண் கூர்மையாகும் கணத்தில் அழுத்துங்கள். பத்தில் ஒன்று சரிவந்தால் நல்ல கை.

கார்த்திகைப்பூவின் இதழ்கள் மேல்நோக்கி வளைந்திருப்பதால் மேலிருந்து எடுத்தால் ஒன்றும் புரியாது, பக்கவாட்டில் அதே உயரத்தில் எடுங்கள். அதன் கிழங்கு உட்பட எல்லாப் பாகமும் நஞ்சு. தொட்ட கையைக் கழுவுங்கள், சிறுபிள்ளைகள் பூவைப் பிடித்துக்கொண்டு நிற்க விடாதீர்கள்.

கண்டல் ஓரத்துச் சேற்றில், ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த சின்ன நண்டுகள் உங்கள் நிழல் பட்டதும் வளைக்குள் போய்விடும். அசையாமல் பத்து, பதினைந்து நிமிடம் இருங்கள், தாமாக வெளியே வந்து கொடுக்கை ஆட்டும்.

தூக்கணாங்குருவிக் கூட்டுக்குக் கிட்டப் போகலாமா?

ஆண்குருவி பாதிக்கூட்டில் தலைகீழாகத் தொங்கிச் சிறகடித்துப் பெட்டையை அழைக்கும் கட்டத்தில், இருபது மீற்றரில் அசையாமல் இருந்து எடுக்கலாம். முட்டையிட்ட பிறகு வேண்டாம். மறைக்கும் ஓலையை வெட்டுவதும் கிளையை இழுத்துக் கட்டுவதும் கூட்டைக் காகத்துக்குக் காட்டிக்கொடுப்பதுதான். தாய்க்குருவி வாயில் இரையோடு பக்கத்து மரத்தில் சும்மா நின்று கத்துகிறதென்றால் நீங்கள்தான் தடை, எழும்பிப் போங்கள். கைபேசியில் குரல் போட்டு அழைப்பதும் அதே இனந்தான்.

உப்பும் ஈரமும் கமராவை என்ன செய்யும்?

உப்பு உலோகத்தை அரிக்கும், மணல் கண்ணாடியைக் கீறும், ஈரம் பூஞ்சணம் வளர்க்கும். கரையால் வந்ததும் முதலில் ஊதுபந்தால் மணலை ஊதுங்கள், துடைப்பது பிறகுதான். உப்பு காய்ந்து பளிங்காக ஒட்டியிருக்கும். காய்ந்த துணியால் தேய்த்தால் அரத்தால் தேய்ப்பதுபோல். நல்ல தண்ணீரில் நனைத்து இறுக்கிப் பிழிந்த துணியால் உடலையும் முக்காலிக் கால்களையும் ஒற்றுங்கள். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். நமது சுண்ணக்கல் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் படிவு விடும். போத்தல் தண்ணீர் அல்லது மழைத்தண்ணீர். கடற்கரையில் லென்ஸ் மாற்றவே வேண்டாம்.

வீட்டில் றப்பர் விளிம்புள்ள காற்றுப்புகாப் பெட்டி, 20 லீற்றருக்கு 200 கிராம் சிலிக்கா ஜெல், சின்ன ஈரமானி. ஈரம் 40 முதல் 50 வீதம் நிற்க வேண்டும். 60க்கு மேல் கிழமைக்கணக்கில் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும், 35க்குக் கீழே போனால் றப்பரும் பசையும் காயும். ஜெல் நிறம் மாறினால் 120 பாகை சூட்டில் இரண்டு மணி நேரம் வறுத்துத் திரும்பப் போடலாம். அரிசி போடுபவர்களுக்கு: அது தூசுதான் தரும், அரிசியைச் சன்னல் பையோடு நிறுத்துங்கள்.

குளிரூட்டிய அறையிலிருந்து நேரே வெளியே எடுத்தால் கண்ணாடி வியர்க்கும். மூடிய பைக்குள்ளேயே அரை மணி நேரம் விட்டு எடுங்கள்.

சேற்றில் முக்காலி புதைகிறதே?

பழைய றப்பர்ச் செருப்பை வெட்டி மூன்று துண்டு எடுத்துக் கால்களுக்கு அடியில் வையுங்கள். சிரட்டை உருளும். இறங்கி நடக்கும்போது வார்ப்பூட்டிய பழைய சப்பாத்து போடுங்கள், சிப்பி வெட்டும். காலைத் தூக்கி வைக்காமல் அரைத்து நடந்தால் மணலில் புதைந்திருக்கும் திருக்கை விலகிப் போகும். முழங்காலுக்கு மேல் புதையும் சேற்றில் தனியாக இறங்காதீர்கள்.

எடுக்கக் கூடாத, போகக் கூடாத இடங்கள்?

இராணுவ, கடற்படை முகாம், காவலரண், சோதனைச்சாவடி எதையும் சட்டத்துக்குள் வரவிடாதீர்கள், பின்னணியில் கூட. மிதிவெடி எச்சரிக்கைப் பலகையும் சிவப்பு நாடாவும் உள்ள இடத்தில் ஒரு பறவைக்காக ஓரடியும் வைக்க வேண்டாம். முகமாலைப் பக்கம் பாதையை விட்டு இறங்காதிருப்பதே பழக்கமாகட்டும். மறைவுக்காகப் பச்சைப்புள்ளி இராணுவத் துணி வாங்க நினைக்காதீர்கள், சீருடையை ஒத்த உடை பொதுமக்களுக்கு இங்கே சட்டச்சிக்கல். மண்ணிறச் சட்டை அதே வேலையைச் செய்யும்.

சுண்டிக்குளமும் நெடுந்தீவின் ஒரு பகுதியும் 2015 முதல் தேசியப் பூங்காக்கள், வனசீவராசிகள் திணைக்களத்தின் விதிகள் செல்லும். ட்ரோன் பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் பதிவும் உரிய அனுமதிகளும் வேண்டும். பலாலியில் விமானநிலையம் இருப்பதையும் மறக்காதீர்கள். பூநாரைக் கூட்டத்தின் மேல் ட்ரோன் விடுவது அனுமதி இருந்தாலும் செய்யக் கூடாத வேலை, அவற்றுக்கு அது பருந்து.

தொழில் செய்பவர்களை எடுக்குமுன் "அண்ணை, ஒரு படம் எடுக்கட்டே?" என்று கேளுங்கள். மறுத்தால் விடுங்கள்.

மின்னலை எடுக்க ஆசை.

விறாந்தையில் நின்று, வெளியில் அல்ல. மின்னலுக்கும் இடிக்கும் இடைப்பட்ட செக்கன்களை மூன்றால் வகுத்தால் கிலோமீற்றர். முப்பது செக்கனுக்குக் குறைந்தால் உள்ளே போங்கள். வயல்நடுத் தனிப்பனையின் கீழ் நிற்பது படத்தில் மட்டுமே அழகு. முக்காலி, எஃப்/8, ஐ.எஸ்.ஓ. 200, 15 செக்கன், இடைவிடாத தொடர்படம். வெட்டுகிற நேரம் பார்த்து அழுத்த முடியாது, திறந்து வைத்துக் காத்திருப்பதுதான் வழி.

படத்தை வெளியிடும்போது இடத்தைப் போடலாமா?

நிலக்காட்சிக்குப் போடலாம். கூடு, குஞ்சு, பறவை அடையும் மரம் என்றால் ஊர்ப்பெயரோடு நிறுத்துங்கள். கைபேசி கோப்புக்குள் இடக்குறிப்பைத் தானாக எழுதிவைக்கும், அமைப்பில் அதை நிறுத்திவிட்டுப் பகிருங்கள்.